கரையில் அள்ளிய எண்ணெயை எங்கே வைப்பது? கடலூர், புதுச்சேரி கடலோர ஊர்களுக்கு

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகம் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதி ஃபர்னஸ் ஆயில் கொட்டியது ஞாபகம் இருக்கும். அடுத்த சில நாட்களில் பக்கெட்டோடு பாறைமேல் இறங்கினவர்களில் நானும் ஒருத்தன். வரிசையாக நின்று கைக்குக் கை பக்கெட் மாற்றினோம், அந்த போட்டோவை ஊரே பார்த்தது. அந்தப் பக்கெட் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை யாரும் போட்டோ எடுக்கவில்லை. நான் நின்ற இடத்தில் கடல்தண்ணீர், மணல், பாசி, பிய்ந்த வலை, தண்ணீர் பாட்டில், நாங்கள் கழற்றிப்போட்ட கையுறை எல்லாம் ஒரே சாக்கில் போனது. மூன்றாம் நாள் வெயிலில் ஒரு சாக்கின் அடித்தையல் விட்டுப்போய், கறுப்பாக, பசை மாதிரி ஒன்று மெதுவாக இறங்கி, முந்தின நாள் நாங்களே சுத்தம் செய்த மணலில் ஊறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கையில் பக்கெட் இருந்தும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் கேட்டும் படித்தும் பழகியும் தெரிந்துகொண்டதை நம்ம கரைக்கு ஏற்ற மாதிரி இங்கே எழுதுகிறேன். 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கசிந்தது, அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படர்ந்தது. நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். வாடைக் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும் என்று கடலுக்குப் போகிற யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு கணக்கை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1999இல் பிரான்ஸ் கரையோரம் எரிகா என்ற கப்பல் உடைந்து சுமார் 20,000 டன் எண்ணெய் கொட்டியது. கரையிலிருந்து அள்ளிய கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல். எண்ணெய் பத்து மடங்கு பெருகிவிடவில்லை, அதோடு சேர்த்து அள்ளிய மணலும் தண்ணீரும் குப்பையும்தான் கழிவாகிவிட்டன. அதனால் எவ்வளவு அள்ளினோம் என்று பெருமைப்படுவதில் அர்த்தம் இல்லை. எதை அள்ளாமல் விட்டோம், எதை எதோடு கலக்காமல் வைத்தோம் என்பதுதான் வேலை.

எண்ணெய் வந்து சேருவதற்கு முன்னால்

வடக்கே எங்கேயோ கொட்டியிருக்கிறது, நம்ம பக்கம் வர ஒன்றிரண்டு நாள் ஆகும் என்று சேதி வந்தால், அந்த அவகாசம் பெரிய வரம். உடனே கரையில் கிடக்கும் குப்பையை எல்லாம் பொறுக்குங்கள். செருப்பு, பாட்டில், தெர்மாக்கோல், அறுந்த வலை, தென்னை மட்டை, வாடையில் ஒதுங்கிய ஆகாயத்தாமரை, எதையும் விடவேண்டாம். இன்றைக்கு அது நகராட்சி வண்டியில் ஏற்றிவிடக்கூடிய சாதாரணக் குப்பை. நாளைக்கு அதன்மேல் எண்ணெய் பட்டால் அபாயக் கழிவு, அதற்குத் தனி லாரி, தனிச் செலவு. தேவனாம்பட்டினம் மாதிரி சுற்றுலாக் கரையில் இந்த ஒரு வேலையே பல லோடு மிச்சம் பிடிக்கும். படகையும் வலையையும் மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். எண்ணெய் பட்ட வலையைக் கழுவி மீட்பது மிகவும் கஷ்டம், அது கடைசியில் கழிவுக் கணக்கில்தான் சேரும்.

கடலில் எண்ணெய் பார்த்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. யாரும் சொல்லாமல் நாமே இறங்கக் கூடாது. வந்திருப்பது பெட்ரோல், டீசல் அல்லது புதுக் கச்சா எண்ணெய் என்றால் முதல் நாள் அதிலிருந்து கிளம்பும் ஆவியில் பென்சீன் என்ற நச்சு இருக்கும், தீயும் பிடிக்கும். கண் எரிந்தாலோ தலை சுற்றினாலோ காற்று வரும் பக்கமாக விலகிப் போய்விடுங்கள். துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரவேண்டாம், வேடிக்கை பார்க்கக்கூட.

அள்ளும்போதே பிரிப்பது

இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் கையை விட்டுப் போனால் இதைத் திரும்பச் செய்ய முடியாது. கலந்த சாக்கைப் பின்னால் பிரிக்க எந்த இயந்திரமும் நம்ம ஊருக்கு வரப்போவதில்லை.

கரையில் ஐந்து இடம் குறித்துவிடுங்கள். கொம்பு நட்டு இடத்துக்கொரு நிறத்தில் துணி கட்டினால் போதும், எழுத்து படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். தண்ணீரில் மிதந்து ஒதுங்கும் கெட்டி எண்ணெய்க்கு ஒன்று. எண்ணெய் கலந்த மணலுக்கு ஒன்று. பாசி, மட்டை, கட்டை போன்ற மக்கும் சங்கதிக்கு ஒன்று. பிளாஸ்டிக், வலை, கயிறுக்கு ஒன்று. நாம் போட்டுக் கழற்றும் கையுறை, துணி, உறிஞ்சு அட்டைக்கு ஒன்று. ஒவ்வொன்றும் போகும் இடம் வேறு: எண்ணெயைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்த வழி உண்டு, மணலைச் சுத்தப்படுத்த வழி உண்டு, பிளாஸ்டிக்கை சிமெண்ட் சூளையில் எரிக்கலாம். மூன்றையும் கலந்துவிட்டால் மூன்று வழியும் அடைபட்டுப்போகும்.

செத்த மீன், நண்டு, ஆமை இதில் எதிலும் சேராது. பங்குனி ஆமை ஜனவரியிலிருந்து முட்டையிடக் கரையேறும் காலம், எண்ணெய் பட்ட ஆமை உயிரோடு இருந்தாலும் செத்துக் கிடந்தாலும் வனத்துறைக்குச் சொல்லி அவர்கள் வரும்வரை நிழல் கட்டி வையுங்கள். திரும்பக் கடலில் தள்ளிவிடுவது நல்லது செய்வதாகத் தோன்றும், அது நல்லதல்ல.

மணலை அள்ளும் விதம். ஜேசிபி வேண்டாம். யாராவது அனுப்பிவைத்தாலும், எங்கே ஓட்டுவது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் கரையில் இறக்கவிடாதீர்கள். அதன் டயர் எண்ணெயை ஒரு அடி கீழே மிதித்து அனுப்பும், வாளி ஒரு இழுப்பில் எண்ணெய் ஒரு அங்குலமும் நல்ல மணல் பத்து அங்குலமுமாக வாரும். தட்டையான மண்வெட்டி, கொத்துக்கரண்டி, தகரத் துண்டு, இவை போதும். தோசைக்கல்லில் ஒட்டியதைச் சுரண்டும் மாதிரி மேலாகச் சுரண்டினால் கறுப்பு மட்டும் சுருண்டு வரும், கீழே வெளிர்மணல் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். லேசாகக் கறை படிந்த மணலை அள்ளவே வேண்டாம். அதை அலை அடிக்கும் இடத்துக்குத் தள்ளிவிட்டுக் கடலையே கழுவ வைக்கும் முறை உண்டு, அதிகாரிகள் சொன்னால் அப்படிச் செய்யலாம். தார் உருண்டையாக வந்தால் இன்னும் சுலபம், காலையில் வெயில் ஏறுமுன் கெட்டியாக இருக்கும்போதே கையுறையோடு பொறுக்கிவிடலாம். பத்து மணிக்குமேல் இளகி மணலோடு ஒட்டிக்கொள்ளும்.

நண்டு வளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணெய் அதன் வழியாகக் கீழே இறங்கும். அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் பிடித்துவைத்திருக்கும் மேட்டில் காலடி படாமல் போக ஒரே ஒரு பாதை வகுத்துக்கொள்ளுங்கள், எல்லாரும் அதிலேயே போய் வரவேண்டும்.

அப்புறம் எடை. இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் ஈர மணல் விளிம்புவரை போட்டால் முப்பத்தைந்து கிலோவைத் தாண்டும், கைப்பிடி பிய்ந்து யார் காலிலாவது கொட்டும். பாதிக்கும் குறைவாகப் போடுங்கள். சாக்கில் கட்டினால் ஒரு ஆள் சிரமமில்லாமல் தூக்கும் அளவு, பதினைந்து கிலோ வரை. சாதாரண வெள்ளை உரச் சாக்கு வெயிலில் சில வாரத்தில் நூல்நூலாக உதிரும், உள்ளே கனமான பிளாஸ்டிக் பை போட்டு இரட்டையாகக் கட்டவேண்டும். வாங்க முடிந்தால் மூடி கழலும் 200 லிட்டர் டிரம்தான் சரி.

தென்னைநார்க் கழிவு, வைக்கோல், கரும்புச் சக்கை நம்ம மாவட்டத்தில் தாராளமாகக் கிடைக்கிறதே, கொட்டி உறிஞ்சவிடலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். கெடிலம் முகத்துவாரத்திலோ உப்பனாற்று வாயிலிலோ குறுக்கே வலைக்குள் அடைத்துக் கட்டி எண்ணெய் உள்ளே ஏறாமல் தடுக்க அது உதவும். மணலில் தூவுவது மட்டும் கூடாது. ஒரு டன் வைக்கோல் தூவினால் எண்ணெயோடு அந்த ஒரு டன்னும் கழிவாகிவிடும், ஊறியபின் பாதி தண்ணீரில் மூழ்கவும் செய்யும்.

வைக்கும் இடம்

பாடப்புத்தக முறை, உயர் ஓதக் கோட்டுக்கு, அதாவது கடல் ஏறிவரும் எல்லைக்கு, மேலே நீளமான குழி வெட்டி, பிளாஸ்டிக் விரித்து, அதில் கொட்டிவைப்பது. நம்ம கரையில் குழி வேண்டாம் என்பது என் கருத்து. தாழங்குடாவிலோ ராசாப்பேட்டையிலோ நரம்பையிலோ மணலைக் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும், அந்த மணல் ஊற்றுத்தான் கடலோரத்தில் நமக்கு வாய்த்த நல்ல தண்ணீர். அதன் தலைமேல் எண்ணெய்க் குழி வெட்டினால், விரித்த பிளாஸ்டிக்கில் ஒரு சிப்பி கிழித்தால் போதும், அந்த ஊற்றைத் திரும்பப் பெற வருஷக்கணக்காகும்.

அதனால் தரைக்கு மேலேயே கட்டுங்கள். மேடான, சமதளமான இடம். அலையும் புயல் வெள்ளமும் ஏறாத இடமாக இருக்கவேண்டும், 2011 தானே புயலின்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் விரல் நீட்டிக் காட்டுவார்கள். கிணறு, கைப்பம்பு, பள்ளிக்கூடம், ஐஸ் ஃபாக்டரி பக்கத்தில் வேண்டாம். சவுக்குத் தோப்பு நிழலாக இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோகத் தோன்றும். காய்ந்த சவுக்கு இலை மெத்தைமேல் எண்ணெய் மூட்டை, யாரோ வீசிய ஒரு பீடித்துண்டு போதும். லாரி உள்ளே வந்து திரும்ப வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இடம் கிடைத்ததும் கல், சிப்பி, வேர் எல்லாம் பொறுக்கிவிட்டு நாலு விரல் உயரத்துக்குச் சலித்த மணல் பரப்புங்கள். அதன்மேல் ஷீட். தார்ப்பாய் தற்காலிகத்துக்குத்தான், இறால் குட்டைக்கு அடியில் விரிக்கும் தடித்த கறுப்பு ஷீட் கிடைத்தால் அதுதான் உத்தமம். பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் இறால் குட்டை வைத்திருக்கும் யாரையும் கேளுங்கள், எங்கே வாங்குவது, எப்படி ஒட்டுவது என்று சொல்லிவிடுவார்கள். சுற்றிலும் மணல் மூட்டையை இரண்டடி உயரத்துக்கு அடுக்கி, ஷீட்டை அதன்மேல் மடித்துப்போட்டு வெளிப்பக்கம் பாரம் வையுங்கள். உள்ளே ஐந்து வகைக்கும் ஐந்து தடுப்பு. விளிம்புவரை நிரப்பாதீர்கள், குறைந்தது ஒரு அடி காலியாக இருக்கட்டும். ஐப்பசி மழையில் ஒரே ராத்திரியில் நிரம்பி வழிந்தால் நாம் செய்த அத்தனை வேலையும் வாய்க்கால் வழியாகத் திரும்பக் கடலுக்கே போகும். மேலே தார்ப்பாய் கூரை, அதுவும் சாய்வாக, மழைத் தண்ணீர் வெளியே விழும்படி. சுற்றிக் கயிறு கட்டி, ராத்திரிக்கு ஒரு ஆள் காவல். நாயும் ஆடும் உள்ளே போய் மிதித்துவிட்டு ஊருக்குள் நடந்தால் தெருவெல்லாம் கறுப்புக் கால்தடம்.

எண்ணெய்க் கழிவு உள்ள டிரம்மில் மஞ்சள் பட்டையில் சிவப்பு எழுத்தில் அபாயக் கழிவு, கவனமாகக் கையாளவும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதச் சொல்கிறது 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள். அதோடு எந்தக் கரை, என்ன தேதி, எந்த வகை என்பதையும் அழியாத மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

தண்ணீரை இறக்குவது

கடலில் இரண்டு மூன்று நாள் அலைபட்ட எண்ணெய் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு பழுப்பாக, கேழ்வரகுக் கூழ் மாதிரி ஆகிவிடும். அதில் முக்கால் பங்கு தண்ணீராகவே இருக்கலாம். அதை அப்படியே லாரியில் ஏற்றினால் தண்ணீருக்கு வாடகை கொடுக்கிறோம் என்று பொருள். அடியில் குழாய் வைத்த டிரம்மில் ஒரு நாள் ஆடாமல் வைத்தால் தனியாக இருக்கும் தண்ணீர் கீழே தங்கும். படகு டேங்கில் டீசலுக்கு அடியில் தங்கும் தண்ணீரைத் திறந்துவிடுவோமே, அதே வேலை. குழாயை மெதுவாகத் திறந்து, நிறம் மாறும்போது மூடிவிடுங்கள். கூழாகவே இருப்பது இப்படிப் பிரியாது, 60, 70 டிகிரிக்குச் சூடாக்கவேண்டும் அல்லது ரசாயனம் சேர்க்கவேண்டும். அது ஆலையில் செய்யும் வேலை, யாரும் அடுப்பு மூட்டிப் பார்க்காதீர்கள். இறக்கிய தண்ணீரிலும் எண்ணெய் மினுக்கம் இருக்கும், அதைச் சாக்கடையில் விடாமல் தனி டிரம்மில் வைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆட்களிடம் காட்டி அவர்கள் சொன்னபடி செய்யுங்கள்.

ஊரைவிட்டு அனுப்புவது

புதைப்பதும் கரையில் கொளுத்துவதும் கூடவே கூடாது. புதைத்த எண்ணெய் அடுத்த புயலில் மணல் அரிக்கும்போது எழுந்து வரும். கொளுத்தினால் ஈரமான எண்ணெய் மணல் பாதிதான் எரியும், மிச்சம் தாராக உருகி இறங்கும், அந்தக் கரும்புகை குப்பத்துக்குள்தான் போகும்.

மேலே சொன்ன அபாயக் கழிவு விதிகளின்படி அனுமதி பெற்ற வண்டியும் அனுமதி பெற்ற இடமும்தான் கழிவை எடுக்கலாம். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவைப் பாதுகாப்பாகக் கையாளும் பொது நிலையம் இருக்கிறது. அரியலூர், டால்மியாபுரம் பக்கம் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன, சூளைக்குள் சரக்கு 1,400 டிகிரிக்கு மேல் வேகும், அந்தச் சூட்டில் எண்ணெய்க் கழிவு முழுசாக எரிந்து சாம்பலும் சிமெண்டோடு சேர்ந்துவிடும். எந்த ஆலைக்கு அனுமதி இருக்கிறது, என்ன வகையை எடுக்கும் என்பதை வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத்தான் அனுப்பவேண்டும். 2017இல் எண்ணூர்க் கழிவில் ஒரு பங்கை எண்ணெய் தின்னும் பாக்டீரியா கலந்து துறைமுக நிலத்திலேயே பக்குவப்படுத்தினார்கள். அதற்கு மாதக்கணக்கில் இடமும் கிளறிவிட ஆளும் தேவை, பயிர் நிலத்திலோ ஏரிக்கரையிலோ செய்யமுடியாது. சுட்ட சுண்ணாம்பு கலந்து எண்ணெய் மணலைக் கெட்டிப்படுத்திச் சாலை அடித்தளத்துக்குப் போடும் முறையும் உண்டு. சுண்ணாம்பு கொதித்துத் தூசி பறக்கும், கண்ணுக்கு ஆகாது, தெரிந்தவர்கள் கையில் மட்டும் விடவேண்டியது.

நம்ம இரண்டு ஊருக்கும் மட்டும் ஒரு சிக்கல் உண்டு, இதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கரையில் நடந்தால் பன்னித்திட்டும் தாழங்குடாவும் ஒரே மணல், காகிதத்தில் வேறு வேறு அரசு. புதுச்சேரிக் கரையில் அள்ளிய டிரம் முள்ளோடையைத் தாண்டினால் அது மாநிலம்விட்டு மாநிலம் போகும் அபாயக் கழிவு. இறுதியாக அழிக்கவோ புதைக்கவோ அனுப்பினால் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இரண்டிடமும் தடையில்லாச் சான்று வாங்கவேண்டும். அள்ளத் தொடங்கிய அன்றைக்கே மனு கொடுத்துவிடுங்கள். ஒரு கரைக் கழிவை மறு கரைக் குவியலில் போட்டுக் கலக்கவும் வேண்டாம், யார் பொறுப்பு என்ற வழக்கில் மாட்டிக்கொண்டு டிரம் அங்கேயே துருப்பிடிக்கும். சேமித்து வைக்கப் பொதுவான காலக்கெடு 90 நாள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கை கால், கணக்கு நோட்டு

நைட்ரைல் (எண்ணெய் ஊறாத செயற்கை ரப்பர்) கையுறை, முழங்கால்வரை பூட்ஸ், முழுக்கைச் சட்டை. துணிக் கையுறை எண்ணெயை உறிஞ்சித் தோலோடு பிடித்துவைக்கும், வெறுங்கையைவிட மோசம். கையில் பட்டால் மண்ணெண்ணெயோ டீசலோ போட்டுத் தேய்க்காதீர்கள், தோல் வழியாக உள்ளே போகும். எண்ணூரில் ஒரு அம்மா தன் வீட்டுத் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து எங்கள் கையில் ஒவ்வொருவருக்கும் ஊற்றினார்கள். நகக்கண்ணில் அப்பியிருந்த கறுப்பு அதில் இளகி, பழந்துணியில் துடைத்ததும் வந்துவிட்டது, பிறகு சோப்பு. அந்தத் துணியும் ஐந்தாவது தடுப்பில்தான் போகவேண்டும். வெயிலில் அரை மணிக்கு ஒருமுறை நிழலும் மோரும். சாப்பாட்டு இடம் காற்று வரும் பக்கம், பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே.

ஊர்ப் பஞ்சாயத்தார் ஒரு நோட்டுப் போடட்டும். தினமும் எந்த வகை எத்தனை டிரம், எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், என்ன வாங்கினோம், எந்த வண்டி எண்ணில் எவ்வளவு போனது, போட்டோவோடு. நஷ்ட ஈடு கேட்கும் இடத்தில் வாய்ச்சொல் நிற்காது, இந்த நோட்டுத்தான் நிற்கும். லாரி கிளம்பும்போது பத்தாம் படிவம் என்ற ஏழு நகல் சீட்டு எழுதுவார்கள். அனுப்புகிறவர் கையில் தங்குவது மஞ்சள் நகல், வாங்கிய இடத்திலிருந்து சரக்கு வந்து சேர்ந்தது என்று கையெழுத்தோடு திரும்ப வரவேண்டியது நீலம். அனுப்புபவர் பெரும்பாலும் நம்ம ஊராக இருக்காது, கப்பல் கம்பெனியோ அரசோ எடுத்த ஆளாக இருக்கும். இருந்தாலும் இரண்டையும் போட்டோ எடுத்து நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாம் போனபின் ஷீட்டை உள்பக்கமாகச் சுருட்டி, அதையும் கழிவோடு ஏற்றுங்கள். கீழே பரப்பிய மணலைக் கையில் எடுத்து மோந்து பாருங்கள், கறையோ வாடையோ இருந்தால் அதுவும் போகவேண்டும், தெளிவாகும்வரை தோண்டி வாரியத்திடம் மண் மாதிரி கொடுங்கள். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி சோதித்துவிடுங்கள். அப்புறம் அந்த இடத்தில் அடம்பங்கொடித் துண்டு நட்டுத் தண்ணீர் ஊற்றலாம், நீலச் சீட்டு வரும்வரை நோட்டை மட்டும் மூடவேண்டாம்.